ஈர்ப்பின் விரைவு

கோடை மழைக் காலத்து மாலைகளில் சேந்தமங்கலத்து உழவர்கள் கொல்லிமலையை நோக்கி நிற்பர். முகட்டின்மேல் மின்னல் வெட்டும். சிறிது பொழுது கழித்தே இடியோசை வயல்வெளியை வந்தடையும். இரண்டும் ஒருங்கே பிறந்தவையே. எனினும், ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று வினாடி கொள்கிறது. ஒளியோ ஒரு வினாடியில் ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்கிறது. ஆதலின், இடைப்பட்ட வினாடிகளை எண்ணியே இடி எத்துணைத் தொலைவில் இடித்தது என்று கூறிவிடலாம்.

மாங்கனியை மண்ணுக்கு இழுப்பதும், புவியைக் கதிரவனைச் சுற்றி வரச் செய்வதும் ஈர்ப்பே. அதன் விரைவு யாது? நியூட்டன் 1687-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியில் ஈர்ப்புக்குக் காலத்தாழ்வே இல்லை. கதிரவன் மறையுமாயின், அக்கணமே புவி தன் பாதையினின்று விலகும் என்பது அதன் பொருள். பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ், திங்களின் இயக்கத்தை ஆராய்ந்து, ஈர்ப்பு ஒளியினும் பல இலட்சம் மடங்கு விரைவுடையதாதல் வேண்டும் என 1805-இல் எழுதினார். அவர் கணக்கிற் பிழையில்லை. ஈர்ப்பைப் பற்றி அவர் முதற்கண் கொண்ட கருத்தே பொருந்தாதது. ஐன்ஸ்டைனோ, ஈர்ப்பு அலைகள் ஒளியின் விரைவிலேயே பரவும் என்று 1916-இல் கண்டார். அவ்வாறாயின், கதிரவன் மறைந்த செய்தியைப் புவி எட்டு நிமிடங்களுக்குப் பின்னரே உணரும்.

இதனை எங்ஙனம் சோதிப்பது? கதிரவனை அகற்றிப் பார்த்தல் எவர்க்கும் இயலாது. கொல்லிமலை மின்னலும் இடியும் போல, ஒளியும் ஈர்ப்பலையும் ஓரிடத்தினின்று ஒருங்கே புறப்படும் நிகழ்ச்சி ஒன்று வேண்டும்.

அந்நிகழ்ச்சி 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் புலப்பட்டது. ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி, இறுதியில் மோதி இணைந்தன. அவை எழுப்பிய ஈர்ப்பலைகளை அமெரிக்காவிலுள்ள லைகோ நிலையங்கள் இரண்டும், இத்தாலியிலுள்ள விர்கோ நிலையமும் பதிவு செய்தன. 1.7 வினாடி கழித்து, ஃபெர்மி என்னும் செயற்கைக்கோள் காமாக் கதிர்களைக் கண்டது. பதின்மூன்று கோடி ஆண்டுப் பயணத்தின் முடிவில் இரண்டு வினாடி வேற்றுமைகூட இல்லை! அச்சிறு தாழ்வும் காமாக் கதிர் சற்றுப் பிந்திப் புறப்பட்டதால் நேர்ந்திருத்தல் கூடும். இரண்டின் விரைவுக்கும் உள்ள வேறுபாடு நூறு இலட்சம் கோடியில் ஒரு பங்கும் இல்லை என்பது தெளிவாயிற்று.

ஈர்ப்பலை நிலையங்களும் உழவரைப் போலவே காலத்தை எண்ணுகின்றன. ஓர் அலை ஒவ்வொரு நிலையத்தையும் அடையும் நேர வேறுபாட்டைக் கொண்டே அது வந்த திசை அறியப்படுகிறது. நிலையங்கள் தொலைவில் அமைய அமையத் திசையும் துல்லியமாகப் புலப்படும். இதன்பொருட்டே மகாராட்டிரத்து ஹிங்கோலி மாவட்டத்தில், நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரு கைகளைக் கொண்ட நிலையம் ஒன்றை அமைக்க இந்திய அரசு 2023-இல் ஒப்புதல் அளித்தது.