ஏவலும் ஆற்றலும்: சிறு மின்மோட்டரை ஆளும் முறை

ஏவுதல் வேறு, இயற்றுதல் வேறு. வட்டவிதானை மடையைத் திறக்கின்றார். நீரைத் தோளிற் சுமந்து செல்வதில்லை. நீரைத் தருவது குளம். அது பாயும் வேளையையும் அளவையும் வகுப்பது விதானையின் கை. நுண்கட்டுப்படுத்தியைக் கொண்டு சிறு மின்மோட்டரைச் செலுத்தும் கலை முழுவதும் இவ்வேறுபாட்டினுள் அடங்கும். இதனை அறியாது தொடங்கும் மாணவர், பெற்றோர் வருந்தி ஈட்டிய பொருளால் வாங்கிய பலகையை முதல்நாளிலேயே எரித்துவிட்டு, இக்கலை தமக்கு எட்டாது எனக் கைவிடவுங்கூடும். அவர்பொருட்டே இக்கட்டுரை எழுந்தது.

நுண்கட்டுப்படுத்தி என்பது ஒரே சில்லினுள் அமைந்த சிறு கணினியாகும். 2005 ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில், பொறியியல் பயிலாதாரும் கையாளத்தக்கதாய் ‘ஆர்டுயினோ’ என்னும் பலகை உருவாயிற்று. அதன் ‘ஊனோ’ என்னும் வகை 2010 இல் வெளிவந்தது. இப்பலகை 5 வோற்றில் இயங்குவது. அதன் ஒரு முனையிலிருந்து 20 மில்லியம்பியர் அளவே பெறுதல் நன்று. 40 மில்லியம்பியர் கடத்தற்கரிய எல்லையாம்.

இனி, பாசிக்குடாவின் ஆழமற்ற அமைதிநீரில் மிதக்கவிடத்தக்க ஒரு சிறு படகினை மனத்திற் கொள்வோம். அதன் பின்புறத்தே இரு மோட்டர்கள் இரு சுழலிகளைச் சுழற்றுகின்றன. விளையாட்டுப் பொருள்களில் உள்ள சிறு மோட்டரும் சுமையோடு சுழலுங்கால் சில நூறு மில்லியம்பியர் உண்ணும். சுழலியிற் பாசி சுற்றி மோட்டர் நின்றுவிடின் அவ்வோட்டம் பன்மடங்காகும். காரணம் யாது? சுழலும் மோட்டர் தானே ஒரு மின்பிறப்பாக்கியுமாகி, வரும் மின்னை எதிர்த்து நிற்கின்றது. இதனைப் பின் மின்னியக்கவிசை என்பர். சுழற்சி நின்றவிடத்து அவ்வெதிர்ப்பும் ஒழிகின்றது. சுருளின் சிறு தடை மட்டுமே எஞ்சுகின்றது. எனவே மோட்டரைப் பலகையின் முனையோடு நேரே தொடுத்தல், விதானையையே வெள்ளத்தைச் சுமக்கச் சொல்வதை ஒக்கும்.

ஆதலின் இடையே ஒரு மடை வேண்டும். அம்மடையே திரான்சிற்றர். அதன் அடி என்னும் முனைக்குப் பலகையிலிருந்து ஒரு தடையி வழியாகச் செல்லும் சிறிய ஓட்டம், சேகரிப்பானிலிருந்து காலிக்குப் பாயும் பேரோட்டத்தை ஆள்கின்றது. மோட்டருக்குரிய மின் வேறொரு மின்கல அடுக்கிலிருந்து வருதல் வேண்டும். எனினும் அவ்வடுக்கின் எதிர்முனையும் பலகையின் புவி முனையும் ஒன்றாக இணைக்கப்படல் வேண்டும். அன்றேல் ஏவல் சென்று சேராது. தொடக்கத்தார் மறக்கும் இணைப்பு இதுவே.

மடையைத் திடீரென அடைப்பின் யாது நிகழும்? மோட்டரின் சுருள், தன்னுட் பாயும் ஓட்டம் மாறுவதை எதிர்க்கும் இயல்பினது. ஓட்டத்தை நொடியில் அறுத்தால், அது பேரழுத்தமொன்றைத் தூண்டித் திரான்சிற்றரைத் துளைத்துவிடும். ஆகவே மோட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே, வழங்கலுக்கு எதிர்த்திசையில் ஓர் இருவாயியை வைத்தல் வேண்டும். அறுந்த ஓட்டம் அதன்வழியே சுற்றி அடங்கும். சில ரூபாவே விலையுள்ள இப்பொருள் ஏனையவற்றைக் காக்கின்றது.

வேகத்தைக் குறைத்தற்கு அழுத்தத்தைக் குறைக்க வேண்டுவதில்லை. மின்னை விரைந்து விரைந்து கொடுத்தும் நிறுத்தியும் வரின் போதும். இது துடிப்பகல மட்டிசைப்பு எனப்படும். ஊனோவிற் பெரும்பாலான முனைகளில் இது செக்கனுக்கு ஏறத்தாழ 490 முறை நிகழ்கின்றது. 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் கொடுக்கின்றோம். 128 எனின் பாதிப்பொழுது மின் பாயும். மோட்டரின் சடத்துவம் இடைவெளிகளை உணரவொட்டாது சீராகச் சுழல்விக்கும். மிகச் சிறிய எண்ணைக் கொடுப்பின் உராய்வை வெல்லமாட்டாது மோட்டர் முனகி நிற்கும். அவ்வாறு நெடுநேரம் விடலாகாது.

படகு திரும்புதற்கு ஒரு மோட்டர் முன்னும் மற்றது பின்னுமாய்ச் சுழலவேண்டும். இதற்கு நான்கு ஆளிகளால் அமைந்த பாலச்சுற்று உதவுகின்றது. மூலைவிட்டமாய் உள்ள இரண்டை மூடின் ஒரு திசை. மற்ற இரண்டை மூடின் எதிர்த்திசை. ஒரே பக்கத்து இரண்டையும் ஒருங்கே மூடின் மின்கலம் குறுஞ்சுற்றாகி அழிவு நேரும். ‘எல் 293 டி’ என்னும் சில்லு இத்தகைய இரு பாலங்களையும் காப்பு இருவாயிகளையும் தன்னகத்தே கொண்டது. ஒவ்வொரு வழியிலும் 600 மில்லியம்பியர் தாங்குவது. நம் கரையோரத்து உப்புக்காற்று இணைப்புகளை அரிக்குமாதலால், கடலில் விட்ட படகினை நன்னீராற் கழுவி உலர்த்துதலும் இக்கலையின் ஒரு பகுதியே.

தமிழாசிரியனுக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என வினவுவாருமுளர். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் கற்பித்தவர்; 1936 ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். தடையி, இருவாயி, மின்னியக்கவிசை என்னுஞ் சொற்கள் பொருளைத் தாமே விளக்கி நிற்பன. இரு வாயில் உடையது இருவாயி எனக் கண்ட மாணவன், எவ்வாயிலாற் புகுவது எனத் தானே வினவுவான். அவ்வினாவே கல்வியின் தொடக்கம்.

2013 முதல் உயர்தர வகுப்பில் தொழினுட்பத் துறையும் இடம்பெற்றுள்ளது. பிறர் எழுதிய கட்டளைகளைப் பெயர்த்தெழுதி மோட்டரைச் சுழற்றுதல் எளிது. அது நின்றபோது காரணம் காண்பதே கல்வி. மாணவர்காள்! மின்னை இணைக்குமுன், ஏவும் வழி எது, ஆற்றல் வரும் வழி எது எனத் தாளில் வரைந்து பாருங்கள். பழைய மாணவர்களாகிய பெரியீர்! ஒரு மாணவனது பலகை எரிந்தால் அவனது ஆர்வமும் உடனெரியாதிருக்க, கல்லூரி ஆய்வுகூடத்திற்கு இரண்டொரு பலகைகளை உதவுங்கள்.