பிரேக் வேலைக்கு உள்கடன்: எதையெல்லாம் கணக்கில் சேர்க்கணும்?

பனமலைப் பக்கம் டிரெய்லர் லாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம் குழுக்களிலும் உண்டு. பிரேக் வேலைக்கு உள்கடன் கேட்கும்போது, லைனிங் விலையை மட்டும் சொல்வாங்க. சக்கரத்தைக் கழட்டின பிறகு செலவு கூடும். பாக்கிக்குக் கந்துவட்டி, அப்புறம் நம் தவணை எப்படி வரும்?

முதலில் எண்ணிக்கை. 3 அச்சு டிரெய்லரில் 12 டயர் இருந்தாலும் பிரேக் டிரம் 6தான். பக்கத்துக்கு 2 டயர், ஆனா டிரம் ஒன்று. ஒரு டிரம்முக்குள் 2 ஷூ, ஆக மொத்தம் 12 ஷூ. “ஒரு வீலுக்கு இவ்வளவு” என்று மெக்கானிக் சொன்னால் 6ஆல் பெருக்குங்க. இழுக்கும் முன்வண்டிக்குத் தனிக் கணக்கு.

காசு மிச்சம்னு ஒரு அச்சில் ஒரு பக்கம் மட்டும் லைனிங் மாத்தக் கூடாது. பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாத்தணும்.

அடுத்தது சின்னச் சாமான்கள். இங்கேதான் பலர் ஏமாறுவது. கிரீஸ் சீல் கசிந்தால் புது லைனிங்கிலும் எண்ணெய் ஊறி, பிடிக்காம வழுக்கும். போட்ட லைனிங் வீண். சீல், ஷூவை இழுக்கும் ஸ்பிரிங் இவற்றின் விலை கொஞ்சம்தான். அதை விட்டால் முழு வேலையும் இரண்டாம் முறை. டிரம்மில் பள்ளம் விழுந்திருந்தால் கடைசல் கூலி உண்டு. டிரம்மில் குறித்த அளவைத் தாண்டித் தேய்ந்திருந்தா, கடைசல் பிடிக்காமல் புதுசுதான் வாங்கணும். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கு வாடகை வராது, ஆனா வண்டிக்கடன் தவணை நிற்காது. அதையும் எழுதுங்க.

ஆகவே, கழட்டிப் பார்த்த பிறகு பட்டறைக்காரர் எழுதித் தரும் எஸ்டிமேட்டை வாங்கித் தீர்மான நோட்டில் ஒட்டிவிட்டுக் கடன் கொடுக்கலாம். 8 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. அந்த மாசம் பிரேக் செலவு வரும்னு முன்கூட்டியே சேமிப்பில் ஒதுக்கினால் கடனே குறையும்.

இன்னொன்று, நம் கை வேலை. சில லைனிங்கில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பட்டறையில் காற்றுக் குழாயால் ஊதாம, ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்க. அந்தச் சட்டையை வீட்டில் உதறாதீங்க. தண்ணியில் நனைச்சு, பிள்ளைங்க துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைங்க.