ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகப் போகிறீர்களா? முதலில் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்

“ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்” என்ற ஆறுதலிலேயே தஞ்சை வட்டாரத்தில் பல குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வருடங்கள் வீணாகிப் போகின்றன. பள்ளியில் சேர்த்த பிறகு, “சொன்னா புரிஞ்சுக்க மாட்டேங்கிறான்” என்று டீச்சர் சொல்லும்போதுதான் பெற்றோர் பதறி ஓடி வருகிறார்கள். அந்த நேரத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் குறையைச் சரியாகக் கண்டுபிடித்தால்தான் பயிற்சி பலிக்கும். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் டெல்டா மாணவர்களுக்கும், புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கும் சில வழிகாட்டல்கள்.

எப்படிச் சேர்வது?

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் படித்தவர்கள் பி.ஏ.எஸ்.எல்.பி. (செவியியல், பேச்சு-மொழி நோய்க்குறியியல்) பட்டப்படிப்பில் சேரலாம். இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து நான்கு ஆண்டுகள். சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா, முட்டுக்காடு பல்வகை மாற்றுத்திறனாளிகள் தேசிய நிறுவனம், மைசூரு அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் ஆகியவை அறியப்பட்ட இடங்கள். சேரும் முன் அந்தக் கல்லூரிக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். படித்து முடித்ததும் கவுன்சிலின் பதிவேட்டில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்யக் கூடாது என்கிறது 1992ஆம் ஆண்டுச் சட்டம்.

மதிப்பீட்டின் வரிசை

முதலில் காது. ஓ.ஏ.இ., பெரா ஆகிய செவித்திறன் பரிசோதனைகளின் முடிவுகளைப் பார்க்காமல் பேச்சைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானே என்பதை வைத்துக் கேட்கும் திறனைக் கணிக்க முடியாது. லேசான செவித்திறன் குறை அதில் தப்பிவிடும்.

அடுத்து வளர்ச்சி வரலாறு. ஒரு வயதையொட்டி முதல் சொல், இரண்டு வயதில் “பால் வேணும்” போல இரண்டு சொல் சேர்ந்த பேச்சு, நான்கு வயதில் அயலாருக்கும் புரியும் பேச்சு என்பவை பொதுவான அடையாளங்கள்.

மூன்றாவதாகக் காரணத்தைப் பிரித்தறிவது. செவித்திறன் குறை, அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம் எதுவும் இல்லாமலே மொழி மட்டும் தடுமாறும் பிள்ளைகள் உண்டு. இதற்கு ‘வளர்ச்சிசார் மொழிக் கோளாறு’ என்று பெயர். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு, 4-5 வயதுப் பிள்ளைகளில் சுமார் 7.5 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகக் கண்டது. முப்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். இவர்களைத்தான் ‘மக்கு’ என்றும் ‘சோம்பேறி’ என்றும் சொல்லி ஒதுக்குகிறோம்.

தமிழில் அளக்க வேண்டும்

பயிற்சியில் அதிகம் உழைக்க வேண்டிய இடம் இது. ஆங்கிலத் தேர்வு ஒன்றை மொழிபெயர்த்து, அதே மதிப்பெண் அட்டவணையை இங்குள்ள பிள்ளைக்குப் பொருத்துவது பெரிய தவறு. தமிழ் தன் இலக்கணத்தை வேற்றுமை உருபுகளிலும் வினைமுற்று விகுதிகளிலும் வைத்திருக்கிறது. குறையும் அங்கேதான் தெரியும்.

பிள்ளையை அவன் அப்பாயியோடு விளையாட விட்டு, சுமார் ஐம்பது வாக்கியங்களைப் பதிவு செய்யுங்கள். பிறகு சொல் சொல்லாக எழுதிப் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளை “மாட்டக் கயித்துல கட்டு” என்பதற்குப் பதில் “மாடு கயிறு கட்டு” என்று ஒருமுறை சொன்னால் கவலையில்லை. பேச்சு முழுக்க உருபுகள் விடுபட்டால் அது முக்கியமான தடயம்.

அதே பிள்ளை “அக்கா வந்துச்சு” என்றால் பிழை போடாதீர்கள். பாடப்புத்தகத்தில் ‘வந்தாள்’ என்று இருக்கலாம். இந்த ஊர் வீடுகளில் அம்மாவும் அக்காவும் ‘வந்துச்சு’தான். “வாளப்பளம்” என்பதும் அப்படியே. வீட்டில் எல்லோரும் ழகரத்தை ளகரமாகச் சொல்லும்போது பிள்ளைக்கு மட்டும் உச்சரிப்புக் குறை என்று எழுத முடியாது. சுற்றியிருப்பவர்களின் பேச்சே அளவுகோல்.

கும்பகோணத்தில் சௌராஷ்டிரமும், தஞ்சையில் மராத்தியும் பேசும் வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளைகளை இரண்டு மொழியிலும் பாருங்கள். இரண்டிலும் தடுமாற்றம் இருந்தால் கோளாறை நினைக்கலாம். தமிழில் மட்டும் என்றால் பழக்கம் போதாமல் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் ஒரு புதிய சொல்லைச் சில நிமிடம் கற்றுக்கொடுத்து, மறுபடி கேளுங்கள். பழக்கம் இல்லாத பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். கோளாறு உள்ள பிள்ளை திணறும்.

வேலை எங்கே?

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. காது மூக்கு தொண்டை மருத்துவமனைகள், காக்ளியர் இம்பிளான்ட் மையங்கள், சிறப்புப் பள்ளிகளிலும் வாய்ப்பு உண்டு. டெல்டாவில் தனியாக மையம் தொடங்குபவர்கள் விவசாய நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். குறுவை அறுப்பும் சம்பா நடவும் நெருக்கும் புரட்டாசி, ஐப்பசியில் தாய்மார்கள் காலை நேரத்தில் வர முடியாது. மாலை நேரம் ஒதுக்குங்கள்; வீட்டுப் பேச்சை போனில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள்.

மதிப்பீட்டு அறிக்கையைப் பெற்றோருக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். பிள்ளையால் என்ன முடிகிறது, எதில் தடுமாறுகிறான், வீட்டில் என்ன செய்யலாம் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும்.

படிக்கும் காலத்திலேயே ஒரு பழக்கத்தைத் தொடங்கிவிடுங்கள். லீவில் ஊருக்கு வரும்போது, அனுமதி வாங்கிக்கொண்டு பக்கத்து அங்கன்வாடியில் போய் உட்காருங்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் எப்படிச் சண்டை போடுகிறார்கள், எப்படிக் கதை சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். இயல்பான பேச்சு காதில் ஊறியவருக்குத்தான் குறை உடனே பிடிபடும்.