அழும் குழந்தைக்குக் கிடைக்கும் பதில்

 

சில வீடுகளில் கணவன் மனைவிக்குள் பிணக்கு வரும். ஆனால் உருப்படியான காரணம் இருக்காது. கணவர் போனை எடுக்கப் பத்து நிமிடம் தாமதமானால் மனைவிக்கு நெஞ்சு படபடக்கும், விடாமல் அழைப்பார். மனைவி கண் கலங்கினால் கணவர் எழுந்து வெளியே போய்விடுவார், இரண்டு நாள் பேச மாட்டார். "இவருக்கு என் மேல் பிரியமே இல்லை" என்று மனைவி நினைப்பார். "நிம்மதியாக இருக்க விடுவதில்லை" என்று கணவர் நினைப்பார். இருவருமே நல்லவர்கள்தாம். பேச்சு வராத வயதில் கற்ற ஒரு பாடத்தை முப்பது வயதிலும் ஒப்பித்துக் கொண்டிருக்கிறார்கள்.

அது என்ன பாடம் என்பதையும், அதை மாற்ற முடியுமா என்பதையும் இந்த உரையில் பார்ப்போம்.

குழந்தை கற்கும் முதல் பாடம்

ஜான் பவுல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர், குடும்பத்தை இழந்த குழந்தைகளின் மனநிலை குறித்து உலக சுகாதார நிறுவனத்திற்காக எழுதிய அறிக்கை 1951இல் வெளிவந்தது. பாலும் உணவும் கொடுத்தால் மட்டும் குழந்தை நலமாக வளர்ந்துவிடாது, பயந்தால் ஓடி ஒண்டிக்கொள்ள நிலையான ஒருவர் அதற்கு வேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

அவரோடு பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த், முதலில் உகாண்டாவின் கிராமங்களிலும் பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலும் வீடு வீடாகச் சென்று தாய்மார்களையும் குழந்தைகளையும் கவனித்தார். பிறகு ஒரு சோதனை செய்தார். ஒரு வயதுக் குழந்தையை ஓர் அறையில் விட்டுவிட்டுத் தாய் சில நிமிடம் வெளியே போய்த் திரும்புவார். தாய் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் அவர் கூர்ந்து பார்த்தது.

சில குழந்தைகள் ஓடி வந்து தாயை ஒட்டிக்கொண்டு, சற்று நேரத்தில் அழுகையை நிறுத்தி மறுபடி விளையாடப் போயின. "நான் அழைத்தால் உம்மா வருவார்" என்ற நம்பிக்கை அவற்றிடம் இருந்தது. சில குழந்தைகள் தாயைப் பிடித்துக்கொண்டே அடித்தன. எவ்வளவு தேற்றினாலும் அடங்கவில்லை. ஒரு நேரம் அணைப்பும் மறுநேரம் அலட்சியமும் கிடைத்தால் எதை நம்புவது? மூன்றாம் வகைக் குழந்தைகள் தாயைத் திரும்பியே பார்க்கவில்லை. பார்ப்பதற்குத் தைரியசாலிகள் போலத் தெரிந்தன. ஆனால் பின்வந்த ஆய்வாளர்கள் இதயத் துடிப்பை அளந்தபோது உள்ளே பதற்றம் இருந்தது தெரிந்தது. அழுது பயனில்லை என்று அவை கற்றிருந்தன. பயமுறுத்துபவரே அடைக்கலம் தருபவராகவும் இருந்தால் குழந்தை எப்பக்கமும் போக முடியாமல் திகைக்கும். இதைப் பிற்பாடு நான்காவது வகையாகச் சேர்த்தார்கள்.

1987இல் ஹசான், ஷேவர் என்ற இரு ஆய்வாளர்கள், பெரியவர்களின் துணை உறவிலும் இதே சாயல்கள் தெரிவதை எடுத்துக் காட்டினார்கள். விடாமல் அழைக்கும் மனைவியையும் எழுந்து போகும் கணவரையும் இப்போது மீண்டும் நினைத்துப் பாருங்கள்.

நபியவர்கள் காட்டிய வழி

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிட்டதைக் கண்ட அக்ரஃ பின் ஹாபிஸ் (ரலி), தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்ற கருத்தில் நபியவர்கள் பதில் தந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி உள்ளது.

தொழுகையை நீட்ட நினைத்து நின்ற நபியவர்கள், பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டால், அதன் தாய் படும் வேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுதார்கள். ஸுஜூது செய்யும்போது இறக்கிவிட்டு, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள்.

ஒரு தாய், "வா, ஒன்று தருகிறேன்" என்று தன் மகனை அழைத்தார். என்ன தர நினைத்தாய் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். எதுவும் தராமல் இருந்திருந்தால் அது உன் மீது ஒரு பொய்யாகப் பதிவாகியிருக்கும் என்று எச்சரித்தார்கள். அபூதாவூதில் இச்செய்தி பதிவாகியுள்ளது. குழந்தையிடம் சொல்லும் சின்னச் சொல்லுக்கும் எவ்வளவு எடை என்று பாருங்கள்!

பாசம் கிடைக்காதவர் கதி என்ன?

"எனக்குச் சிறுவயதில் அணைப்பே கிடைக்கவில்லை. இனி நான் மாறவா போகிறேன்?" என்று யாரும் மனம் உடைய வேண்டாம். குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளும், இளமைப் பிணைப்பின் தாக்கம் உண்டு, ஆனால் அது மாறக்கூடியது என்றே சொல்கின்றன. நம்பகமான ஒரு துணை, ஓர் ஆசிரியர், ஒரு பெரியம்மா போதும். கற்ற பாடம் மெல்லத் திருத்தப்படும்.

நம் நபியைப் பாருங்கள். பிறக்கும் முன்பே தந்தை இல்லை. ஆறு வயதில் தாயும், எட்டு வயதில் பாட்டனாரும் மறைந்தார்கள். ஆனாலும் ஹலீமா, உம்மு ஐமன், அபூதாலிப் என்று ஏந்திக்கொள்ளும் கைகளை அல்லாஹ் ஏற்படுத்தினான். அநாதையாக இருந்தவருக்குப் புகலிடம் தந்ததை வள்ளுஹா அத்தியாயத்தில் நினைவூட்டுகிறான்.

ஹிரா குகையில் முதல் வஹீ வந்தபோது நபியவர்கள் நடுங்கியபடி வீட்டுக்குத்தான் வந்தார்கள். கதீஜா (ரலி) போர்த்திவிட்டார்கள். நடுக்கம் தீரும் வரை காத்திருந்தார்கள். பிறகு கணவரின் நற்குணங்களை எடுத்துச் சொல்லித் தேற்றினார்கள். பயந்தவர் ஓடி வர ஓர் இடம் வேண்டும் என்பது குழந்தைக்கு மட்டுமான தேவை இல்லை என்பதை இதிலிருந்து விளங்கலாம்.

நாம் செய்ய வேண்டியவை

கைக்குழந்தை அழுதால் தூக்குங்கள், செல்லம் கெட்டுவிடாது. "விட்டுவிட்டுப் போய்விடுவேன்" என்று பிள்ளையை மிரட்டாதீர்கள். எந்தப் பயம் வாழ்நாள் முழுதும் துரத்துமோ, அதையே விளையாட்டாக ஊட்டுகிறோம்.

வளைகுடாவில் இருக்கும் தந்தையரே! இரண்டு வருடம் கழித்து ஊர் வரும்போது பிள்ளை உங்களைக் கண்டு தாயின் பின்னால் ஒளிந்தால் கோபப்படாதீர்கள், கட்டாயப்படுத்தித் தூக்காதீர்கள். அருகில் அமர்ந்திருங்கள், அதுவாக வரும். வெளிநாட்டில் இருக்கும்போது தினமும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் முகம் காட்டிப் பேசுங்கள். "வாப்பா சொன்ன நேரத்துக்கு வருவார்" என்று பிள்ளை அறிவது, பெட்டி நிறைய பொம்மையைவிடப் பெரிது.

தம்பதியரே! எழுந்து போகிறவர், "கொஞ்ச நேரத்தில் வந்து பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள். பதறுகிறவர், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்பதைக் குற்றச்சாட்டாக மாற்றாமல் அப்படியே சொல்லுங்கள். அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில் சகித்துக்கொண்டு இருப்பது இதில் சேராது. அங்கே முதலில் பாதுகாப்புதான் தேவை, உதவி கேளுங்கள்.

நம் பிள்ளைகள் பயந்தால் ஓடி வரும் இடமாக நம் வீடுகளையும், ஒருவருக்கொருவர் ஆறுதலாக நம் தம்பதியரையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.