12 வருஷத்துக்கு ஒரு பூ

இலக்கணத்தில் குறிஞ்சி நிலம் படித்தோமே, அந்தக் குறிஞ்சி ஒரு புதர்ச்செடி. தென்னிந்திய மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் தானாக வளராது. சோலைக்காட்டை ஒட்டிய புல்வெளிச் சரிவில்தான் நிறைய இருக்கும்.

12 வருஷம் வெறும் இலையோடு நிற்கும். அப்புறம் சரிவு முழுக்க ஒரே சமயத்தில் ஊதாநீலமாகப் பூக்கும். எலி, பூச்சி தின்றது போக விதை மிஞ்சணுமே, அதற்குத்தான் இப்படி என்கிறார்கள். விதை முற்றியதும் செடி செத்துப்போகும். மறுபடி துளிர்க்காது!

கொடைக்கானலில் 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்தது 2030. அங்கே பளியர் மக்கள் இந்தப் பூவை வைத்தே வயசு எண்ணினார்களாம். அப்படிப் பார்த்தால் எனக்கு ஒரு குறிஞ்சி வயசு!

தேயிலையும் தைலமரமும் வைத்ததில் புல்வெளியே குறைந்துபோச்சு. இருக்கிற செடியையும் பார்க்கப் போகிறவர்கள் கொத்துக்கொத்தாக ஒடிக்கிறார்கள். செம்பருத்தியைப் பறித்தால் நாளைக்கு வேறு பூக்கும். குறிஞ்சியில் பூவை ஒடித்தால் விதை இல்லை, செடியும் சாகப்போகிறது.