ஹீட் ஷீல்டு: பெரியநாயக்கன்பாளையத்து இளம் மெக்கானிக்குக்கு ஒரு கடிதம்

காருக்குத் தனியாக வாங்கிய ஏர் இன்டேக்கை மாட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது, இன்ஜின் காற்றை எங்கிருந்து இழுக்கிறது என்பதை. கம்பெனி பொருத்தி அனுப்பும் ஏர் ஃபில்டர் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் மூக்கு பெரும்பாலும் கிரில்லுக்கு மேலேயோ ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ நீண்டு, ரேடியேட்டரைத் தொடாத காற்றை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு, தனி இன்டேக்கோடு வரும் கூம்பு வடிவ கோன் ஃபில்டரை அப்படியே திறந்து வைத்தால், ரேடியேட்டர் ஃபேன் தள்ளிய சூடான காற்றும் எக்சாஸ்ட் மேனிபோல்டைச் சுற்றி வந்த காற்றும்தான் இன்ஜினுக்குக் கிடைக்கும். உறிஞ்சும் சத்தம் கம்பீரமாகக் கேட்கும். வண்டிக்காரர் அந்தச் சத்தத்தையே பிக்கப் என்று நினைத்துக்கொள்வார். சூட்டைத் தடுக்கும் ஹீட் ஷீல்டு இல்லாத கோன் ஃபில்டர் பல வண்டிகளில் பழைய பெட்டியைவிட மோசமானது; தொழிலில் இறங்குபவர் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

சூட்டின் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமல்ல. காற்றின் அடர்த்தி அதன் தனிவெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. சித்திரை மாதத்து மதியத்தில் வெளியே 35 டிகிரி, பானெட்டுக்குள் 65 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 308 கெல்வினுக்கு 338 கெல்வின். ஒரே கொள்ளளவில் நுழையும் காற்று ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்துபோகிறது. ஆக்சிஜன் குறைவதால் இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு பெட்ரோலையும் குறைக்கிறது. காற்று மேலும் சூடாக இருந்தால் நாக்கிங் வராமலிருக்க இக்னிஷன் டைமிங்கையும் பின்னுக்குத் தள்ளுகிறது. ஆனால் இந்த 9 சதவீதம் எப்போதும் போகும் இழப்பல்ல. வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது கிரில் வழியாக நுழையும் காற்று பானெட்டுக்குள் தேங்கிய சூட்டைப் பெரிதும் அடித்துக்கொண்டு போய்விடும். இழப்பு உறைப்பது நின்று நின்று போகும் இடத்தில்தான். மேட்டுப்பாளையம் ரோட்டில் துடியலூர், கவுண்டம்பாளையம் நெரிசலில் ஊர்ந்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது வண்டி இழுக்காமல் திணறும். குன்னூர் மலைப்பாதையில் இரண்டாவது கியரில் ஏறும்போதும் அதே கதை: வேகம் குறைவு, இன்ஜினுக்குச் சுமை அதிகம், ஃபேன் ஓயாது.

ஷீல்டின் வேலை என்ன என்பதில் பட்டறைகளில் பெரிய குழப்பம் உண்டு. பளபளக்கும் தகடு ஒன்றை ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் நிறுத்தினால் சூடு திரும்பிப் போய்விடும் என்று நம்புகிறார்கள். மேனிபோல்டிலிருந்து கதிர்வீச்சாக வரும் சூட்டைத் தகடு தடுக்கும், உண்மைதான். ஆனால் காற்று கதிர்வீச்சால் நேரடியாக அவ்வளவாகச் சூடாவதில்லை. ஏற்கெனவே சூடான காற்று தகட்டின் ஓரங்களைச் சுற்றிக்கொண்டு ஃபில்டருக்கு வந்துவிடுவதுதான் சிக்கல். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏசி ஓட்டும் கதைதான் அது. ஆகவே ஷீல்டு என்பது பக்கங்களும் அடிப்புறமும் மேற்புறமும் அடைபட்ட தனி அறையாக இருக்க வேண்டும். அந்த அறைக்கு வெளிக்காற்று வர ஒரு வழியும் வேண்டும். வழி இல்லாமல் அடைத்தால் இன்ஜின் எப்படியும் சந்துபொந்துகளிலிருந்து சூட்டுக்காற்றை இழுத்துக்கொள்ளும். அந்தத் திறப்பின் பரப்பு இன்டேக் பைப்பின் குறுக்குப் பரப்பைவிட ஒன்றரை மடங்காவது இருப்பது நல்லது. 65 மில்லிமீட்டர் பைப்பின் பரப்பு சுமார் 33 சதுர சென்டிமீட்டர். திறப்பு 50 சதுர சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

பைப்பின் மேல் வெள்ளி டேப் சுற்றுவதும் இப்படித்தான், பார்வைக்கு அழகு. 1.2 லிட்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 24 லிட்டர் அளவில் காற்றை இழுக்கிறது. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பைப்பை அந்தக் காற்று ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கடந்துவிடும். சூடேற நேரமே இல்லை. ஐடிலில் மட்டும் அதே காற்று பைப்பில் ஏறத்தாழ ஒரு வினாடி தங்குகிறது. சிக்னலில் நின்று கிளம்பும் முதல் சில வினாடிகளுக்கு டேப் ஏதோ உதவலாம். அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

தகட்டைப் பொறுத்தவரை இந்த ஊரில் பஞ்சம் இல்லை. 1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நூற்பு இயந்திரக் கம்பெனி இருக்கும் இடம் பெரியநாயக்கன்பாளையம். கோவை வட்டாரத்தில் ஷீட் மெட்டல், லேசர் கட்டிங், பெண்டிங் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1.5 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு பெரும்பாலான ஷீல்டுகளுக்குப் போதும். 5052 ரகம் வளைத்தால் வெடிக்காது. 6061-டி6 கூர்மையாக மடித்தால் மடிப்பில் கீறல் விடும். அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தும், ஸ்டெயின்லெஸ் 304 அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கடத்தும். மேனிபோல்டு மிக அருகில் இருக்கும் வண்டியில் 304-ன் கூடுதல் எடையைப் பொறுத்துக்கொள்ளலாம். மேனிபோல்டைப் பார்க்கும் பக்கத்துக்குக் கறுப்பு பவுடர் கோட்டிங் அடிப்பது வேலைக்கே எதிரானது. மெருகிட்ட அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். கறுப்பு வண்ணம் ஏறக்குறைய அனைத்தையும் விழுங்கும். வண்டிக்காரர் கறுப்புதான் வேண்டும் என்றால் பானெட்டைத் திறந்ததும் தெரியும் பக்கத்துக்கு மட்டும் அடித்துக் கொடுக்கலாம்.

தகட்டில் கை வைப்பதற்கு முன் அட்டையில் செய்து பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர். ஃபிரிட்ஜ், டிவி வந்த அட்டைப்பெட்டி போதும். முதலில் ஃபில்டரையும் பைப்பையும் அவற்றின் இடத்தில் மாட்டி, பேட்டரி, ஃபியூஸ் பாக்ஸ், கூலன்ட் டேங்க் எல்லாம் இருந்தபடி இருக்க, அட்டையைச் சுவர் சுவராக வெட்டிச் செருக வேண்டும். ஹெட்லைட் பல்ப் மாற்றக் கை நுழையுமா, பிரேக் ஆயில் மூடி திறக்குமா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். இன்ஜின் அதன் மவுண்டிங்கில் அசையும். கிளட்சை விட்டதும் ஒரு பக்கம் சாயும். அதனால் இன்ஜினோடு சேர்ந்து அசையும் எதற்கும் ஷீல்டுக்கும் இடையே 20 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். மேல் விளிம்பின் உயரத்தை அளக்கச் சின்னப் பிள்ளைகளின் களிமண் உருண்டைகளை விளிம்பில் ஆங்காங்கே ஒட்டி, பானெட்டை மெதுவாக மூடித் திறந்தால் போதும். நசுங்கிய உருண்டையின் தடிமன்தான் அங்கிருக்கும் இடைவெளி. அந்த இடைவெளியைக் கதவுக்குப் போடும் ரப்பர் பீடிங் நிரப்ப வேண்டும். மூடும்போது பீடிங் கால்வாசி அமுங்கினால் சரியான அளவு. பீடிங்கே இல்லாமல் தகடு பானெட்டைத் தொட்டால் சீக்கிரமே பெயின்ட் தேய்ந்து துருப்பிடிக்கத் தொடங்கும்.

பாடியில் புதுத் துளை போடுவதைத் தவிர்ப்பது நல்லது. பழைய பெட்டி உட்கார்ந்திருந்த மவுண்டிங் துளைகளே பெரும்பாலும் போதும். அவற்றிலுள்ள ரப்பர் புஷ்ஷையும் அப்படியே பயன்படுத்தினால் அதிர்வு தகட்டுக்கு ஏறாது. அதிரும் தகடு மடிப்பின் ஓரத்தில்தான் முதலில் விரிசல் விடும். பைப் நுழையும் துளையின் வெட்டு விளிம்புக்கு யு வடிவ ரப்பர் போடாமல் விடுவது சோம்பேறித்தனம். ரப்பர் குழாயை அந்த விளிம்பு சில மாதங்களில் அறுத்துவிடும், ஃபில்டரைத் தாண்டிய தூசு நேராக சிலிண்டருக்குப் போகும்.

உயிருக்கு ஆபத்தான தவறு ஒன்று உண்டு. பல சிறிய கார்களில் ஃபில்டரின் பக்கத்து வீடு பேட்டரி. உலோக ஷீல்டு பாடியோடு சேர்ந்து எர்த் ஆகிவிடுகிறது. அது தளர்ந்து பாசிட்டிவ் டெர்மினலைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, தீப்பொறி பறந்து தீப்பிடிக்கக்கூடும். பேட்டரிப் பக்கச் சுவரை பிளாஸ்டிக் பலகையில் செய்வது மேல். தகடுதான் வேண்டுமென்றால் டெர்மினல் மூடி கட்டாயம் இருக்க வேண்டும், இடைவெளியும் தாராளமாக வேண்டும். வேலை தொடங்கும்போதே நெகட்டிவைக் கழற்றி வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

குளிர்ந்த காற்று வேண்டும் என்று மூக்கைப் பம்பருக்குக் கீழே இறக்குவது இன்னொரு ஆசை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கோவையின் ரயில் பாலங்களுக்கு அடியில் தண்ணீர் தேங்குவது ஊரறிந்த விஷயம். மூக்கு தண்ணீரை ஒரு முறை உறிஞ்சினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். பானெட்டைத் திறந்து சரிசெய்யக்கூடிய பழுது அல்ல அது. கம்பெனி வைத்த மூக்கின் உயரத்துக்குக் கீழே போகாமலிருப்பதே பாதுகாப்பு. ஷீல்டின் அடிப்பக்கத்தில் சிறு வடிகால் துளைகள் விடலாம்.

சென்சாரைப் பற்றிச் சுருக்கமாக. மாருதியின் கே-சீரிஸ் பெட்ரோல் இன்ஜின்கள் பெரும்பாலும் இன்டேக் மேனிபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரில் ஓடுபவை. பைப் மாறினாலும் பெரிதாகக் குழம்பாது. ஸ்விஃப்டில் வந்த 1.3 லிட்டர் டீசல் போன்றவற்றில் உள்ளே போகும் காற்றின் அளவை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் இருக்கிறது. அது பொருந்தியிருக்கும் குழாயின் விட்டத்தை மாற்றினால் அளவு பொய்யாகும். எண்ணெய் பூசிய காட்டன் ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் சென்சாரின் சூடான இழையில் படிந்து அதைக் கெடுக்கும்.

இந்த வேலைக்குரிய இடம் பந்தயத் தடமா சாலையா என்பதிலும் தெளிவு வேண்டும். மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கிய கரிவர்தன் கோவைக்காரர். 1995-ல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தய வண்டிக்கு எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது என்பதை அந்தந்தப் பிரிவின் விதி சொல்லும். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டிய கோவையின் நரேன் கார்த்திகேயனின் காரில் இன்ஜினுக்கான காற்று ஓட்டுநரின் தலைக்கு மேலிருந்துதான் போனது. சூட்டிலிருந்து காற்றை விலக்கி எடுப்பதற்கு அதைவிட நேரான வழி இல்லை. சாலையில் ஓடும் காருக்கு விதி வேறு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவில் வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கோன் ஃபில்டர் அதற்குள் வருமா என்பது வாதத்துக்குரியது, வாரன்டி சிக்கலாவதோ ஏறக்குறைய நிச்சயம். இதையெல்லாம் பணம் வாங்குவதற்கு முன்பே வண்டிக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கழற்றிய பழைய பெட்டியையும் அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

செய்த வேலை பலித்ததா என்பதைக் காது சொல்லாது, ஓபிடி ஸ்கேனர் சொல்லும். ஐஏடி என்று வரும் உள்காற்று வெப்பநிலையிலிருந்து வெளிவெப்பநிலையைக் கழித்த வித்தியாசம்தான் பார்க்க வேண்டிய எண். ஒரே ரோட்டில், நாளின் ஒரே வேளையில், ஏசி போட்டபடி பழைய பெட்டியோடு ஒரு முறை, ஷீல்டோடு ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று அளந்தால் அந்தக் கணக்கு யாருக்கும் உதவாது. சென்சார் த்ராட்டில் பக்கம் இருந்தால் அது தன்னைச் சுற்றியுள்ள உலோகத்தின் சூட்டையும் சேர்த்துக் காட்டும். எனவே நின்ற நிலையில் வரும் எண்ணைவிட, கிளம்பி ஒரு நிமிடம் ஓடியபின் அது எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதே நம்பத்தக்கது. பழைய பெட்டியைவிட வித்தியாசம் குறையவில்லையென்றால் சந்து எங்கேயோ இருக்கிறது. இரவில் ஷீல்டின் அறைக்குள் டார்ச் வைத்துப் பானெட்டை மூடினால், வெளிச்சம் கசியும் இடத்தில்தான் சூட்டுக்காற்றும் நுழைகிறது. பீடிங் ஒட்டிய முதல் சில நூறு கிலோமீட்டரில் அமுங்கி இளகும். அப்போது வண்டியை ஒரு முறை வரச்சொல்லி, போல்ட்டுகளை இறுக்கி, தகட்டில் தேய்ந்த தடம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும்.