கோதுமையும் குடலும்

நுழையும்முன்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் அடுக்களையில் இட்லிப் பானையும் சப்பாத்திக் கல்லும் அருகருகே இருக்கின்றன. காலையில் தோசை, மாலையில் வடா பாவ், இரவில் சப்பாத்தி என இரு நிலங்களின் உணவும் ஒரே நாளில் நம் தட்டுக்கு வருகின்றன. பெரும்பாலோருக்கு இவை யாவும் ஏற்ற உணவே. ஆயினும், சிலரின் உடல் கோதுமையை ஏற்பதில்லை. அவர்களைப் பற்றி அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

வளராத சிறுமி

தாராவியில் வாழும் ஒரு சிறுமியை எண்ணிப் பாருங்கள். அவள் வகுப்பிலேயே குள்ளமானவள். அடிக்கடி வயிறு உப்புகிறது, வயிற்றுப்போக்கு உண்டாகிறது. இரத்தச்சோகையால் முகம் வெளுத்திருக்கிறது. சிறிது தொலைவு ஓடினாலும் களைத்துவிடுகிறாள். "பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை" என்று வருந்தும் தாய், நாள்தோறும் ஒரு சப்பாத்தியைக் கூடுதலாக ஊட்டுகிறாள். உடல் தேறவில்லை, மேலும் நலிகிறது. அன்போடு ஊட்டிய உணவே அவளுக்குத் தீங்காயிற்று. இது எவ்வாறு நிகழ்கிறது?

குடலில் நிகழ்வது

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. இதனைத் தமிழில் பசையம் என்பர். பிசைந்த மாவு அறுபடாமல் இழுபடுவதற்கும், பாவ் உப்பி மென்மையாவதற்கும் இப்பசையமே காரணம்.

நமது சிறுகுடலின் உட்சுவரில் விரல்போன்ற நுண்ணிய நீட்சிகள் பல உள்ளன. அவை குடலுறிஞ்சிகள் எனப்படும். உணவிலுள்ள சத்துகளை இரத்தத்தில் சேர்ப்பவை அவையே. செலியாக் நோய் உள்ளவர் பசையத்தை உண்டால், நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவல் அமைப்பே தன் குடலைத் தாக்குகிறது. குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. பின்னர் எவ்வளவு உண்டாலும் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உடலில் போதிய அளவு சேர்வதில்லை. அச்சிறுமி வளராததன் காரணம் இதுவே. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. பெற்றோர் வழிவரும் மரபணுக்களோடு தொடர்புடையது, பெரியவர்களுக்கும் தோன்றலாம்.

பஞ்சம் காட்டிய உண்மை

இந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்தியவர், நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944–45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்நாட்டில் கொடிய பஞ்சம் நிலவியது. ரொட்டி கிடைப்பது அரிதாயிற்று. நாடே பசியால் வாடியபோது, செலியாக் நோயுற்ற குழந்தைகளின் நிலையோ சீரடைந்தது. மீண்டும் ரொட்டி கிடைக்கத் தொடங்கியதும் அவர்களுக்கு நோய் திரும்பியது. கோதுமையைப் பற்றி முன்பே ஐயம் கொண்டிருந்த டிக்கே, தம் ஆய்வு முடிவுகளை 1950ஆம் ஆண்டு வெளியிட்டார்.

இந்தியாவில் செலியாக்

நம் நாட்டின் மூன்று பகுதிகளில், 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்திய ஆய்வொன்றின் முடிவுகள் 2016ஆம் ஆண்டு வெளிவந்தன. வட இந்தியாவில் 10,000 பேரில் ஏறத்தாழ 85 பேருக்கும், வடகிழக்கில் 47 பேருக்கும், தென்னிந்தியாவில் ஒருவருக்கும் இந்நோய் காணப்பட்டது.

அவ்வாறாயின் தென்னாட்டவரின் மரபணுக்கள் வேறானவையா? இல்லை. இந்நோய்க்கு இடந்தரும் மரபணுக்கள் வடக்கில் நூற்றுக்கு 38 பேரிடமும் தெற்கில் 36 பேரிடமும் இருந்தன. பெரிதும் வேறுபட்டது உணவே. ஒருவர் ஒரு நாளில் உண்ட கோதுமையின் சராசரி அளவு வடக்கில் 455 கிராம். தெற்கில் 25 கிராம். எனினும், கோதுமை மட்டுமே காரணம் என்று முடிவு செய்துவிடலாகாது. வடகிழக்கில் அதன் அளவு 37 கிராம்தான். நோயோ தெற்கைவிட மிகுதி.

இவ்வாய்வு நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. "நம்மவர்க்கு இந்நோய் வராது" என்று எண்ணி அறிகுறிகளைப் புறக்கணித்தல் கூடாது. அதுபோலவே, அஞ்சி அனைவரும் கோதுமையை விலக்க வேண்டியதும் இல்லை.

மூன்றையும் பிரித்தறிவோம்

செலியாக் நோயில் குடல் சிதைகிறது. பசைய ஒவ்வாமையில் வயிற்று வலி, உப்புசம், தலைவலி போன்றவை தோன்றும்; ஆனால் குடல் அவ்வாறு சிதைவதில்லை. கோதுமை அலர்ஜி இவ்விரண்டினின்றும் வேறானது. அதில் உண்ட சிறிது நேரத்திலேயே தடிப்பும் வீக்கமும் தோன்றலாம். மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செலியாக் நோயை இரத்தப் பரிசோதனையாலும், தேவைப்படின் குடலின் சிறு திசுவை எடுத்து ஆராய்ந்தும் மருத்துவர் உறுதிசெய்வார். பரிசோதனைக்கு முன்னரே நாமாகக் கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால், நோய் இருந்தும் இல்லையென முடிவு வரக்கூடும்.

உணவே மருந்து

இந்நோயைத் தீர்க்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. வாழ்நாள் முழுவதும் பசையத்தை விலக்கினால் குடல் படிப்படியாகத் தேறும். குழந்தைகள் மீண்டும் வளர்வர்.

தமிழரின் அடுக்களை இதற்குப் பெருந்துணையாகும். சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு ஆகியன அரிசி உணவுகள். கேழ்வரகு, கம்பு, சோளம், தினை ஆகியவற்றிலும் பசையம் இல்லை. மராட்டியரின் சோள பாக்ரியும், அவல் கொண்டு செய்யும் போஹாவும் ஏற்றவையே. சப்பாத்தி, பரோட்டா, பாவ், ரவை உப்புமா, சேமியா ஆகியவை விலக்க வேண்டியவை. கோயிலில் தரும் சர்க்கரைப் பொங்கலை உண்ணலாம். ரவைக் கேசரியை உண்ணலாகாது.

மறைந்துவரும் கோதுமையில் விழிப்பு வேண்டும். சாம்பாரில் இடும் பெருங்காயத்தூள் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை அரைத்த இயந்திரத்தில் அரிசியை அரைத்தால் அம்மாவிலும் பசையம் கலந்துவிடும். மாதுங்காவில் உணவகத்துக்குச் சென்றாலும், செம்பூரில் கடையில் பொருள் வாங்கினாலும், கேட்டும் படித்தும் அறிந்தபின் உண்ண வேண்டும். நம் நாட்டு விதிப்படி, 'குளூட்டன் அற்றது' என விற்கும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பசையம் இருத்தல் கூடாது.

நண்பரின் கடமை

பகுத்துண்ணல் தமிழர் பண்பு. ஆயினும், "ஒரு வாய்தானே, உண்டால் என்ன?" என்று செலியாக் நோயுள்ள தோழியை வற்புறுத்துதல் அன்பாகாது. அந்த ஒரு வாயும் அவள் குடலைத் தாக்கும். அவள் மறுக்கும்போது நகையாமல் இருப்பதும், பிறந்தநாளன்று அவளும் உண்ணத்தக்க ஓர் இனிப்பைக் கொண்டுவருவதும் உண்மையான பகிர்வாகும்.

சொல்லும் பொருளும்

நலிதல் – மெலிந்து வருந்துதல்
நீட்சி – நீண்டிருக்கும் பகுதி
ஐயம் – சந்தேகம்
பகுத்துண்ணல் – பிறர்க்கும் பங்கிட்டு உண்ணுதல்
நகைத்தல் – சிரித்தல். இங்கு, எள்ளிச் சிரித்தல்

மதிப்பீடு

1. குடலுறிஞ்சிகளின் பணி யாது?
2. பஞ்சக் காலத்தில் நோயுற்ற குழந்தைகள் தேறியது ஏன்?
3. 'கோதுமை மட்டுமே காரணம் அன்று' என்பதற்குப் பாடத்திலிருந்து சான்று காட்டுக.
4. பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தக் கூடாது. ஏன்?
5. உங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவின் மேலுள்ள பொருட்பட்டியலைப் படித்து, அதில் கலந்துள்ளவற்றைத் தமிழில் எழுதுக.
6. செலியாக் நோயுள்ள தோழிக்காக ஒரு நாளின் மூன்று வேளை உணவுப் பட்டியலை, பெற்றோரிடம் கேட்டு உருவாக்குக.